துத்து

பை இல்லாத சட்டை தைக்கச் சொல்லி அதுவரை என்னிடம் யாரும் வந்ததில்லை. முப்பது வருடமாக மிஷின் மிதிக்கிறேன். பையைப் பெரிதாக வை, உள்பக்கம் ஒரு திருட்டுப் பை வை, பேனா குத்த இடம் விடு என்றுதான் கேட்பார்கள். பக்கத்து வீட்டுப் பேட்டரிக்காரர் மட்டும் வாசற்படிக்கு வெளியே நின்றுகொண்டு, பை வேண்டாம் என்றார்.

"ரெண்டு செட்டு அக்கா. சட்டைக்குப் பை வேண்டாம். கால்சட்டைக்கும் வேண்டாம். கீழ மடிப்பு வேண்டாம். காலர் வேண்டாம்."

"பட்டனாவது வேணுமா? அதுவும் வேண்டாமா?"

"கிண்டல் பண்ணாதீங்க. நர்ஸம்மா போறப்ப சொன்னது. தூசி தங்கற இடம் எதுவுமே இருக்கக் கூடாதாம்."

"அப்ப ஒரு சாக்குல மூணு ஓட்டை போட்டுத் தர்றேன். மாட்டிக்கிட்டுப் போங்க."

எதற்கெடுத்தாலும் சிரிக்கிற ஆள் அன்றைக்குச் சிரிக்கவில்லை. கிண்டலுக்கு இது நேரமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். பட்டறை உடுப்போடு இருக்கிறேன், உள்ளே வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் கரண்டி விழுந்தால் இந்தப் பக்கம் நான் குனிந்து தேடுவேன். அவர் பேட்டரிப் பட்டறையில் வேலை, அவர் மனைவிக்கு பேக்கரியில் ரொட்டிக்கு உறை போடுகிற வேலை. அவள் காலை ஆறு மணிக்கே போய்விடுவாள். அவர் எட்டு மணிக்குக் கிளம்பும்போது பெண் குழந்தையை என்னிடம் விட்டுவிட்டுப் போவார். பகல் பன்னிரண்டுக்கு அம்மாக்காரி வந்து தூக்கிக்கொண்டு போவாள். அந்த நாலு மணி நேரமும் குழந்தை என் வெட்டு மேஜைக்கு அடியில் இருக்கும். தரையில் என்ன விழுந்தாலும் முதலில் கண்டுபிடிப்பது அதுதான் என்பதால் கட்டெறும்பு என்று பெயர் வைத்தேன். பெற்றவர்களும் பிறகு அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கட்டெறும்புக்கு இரண்டரை வயது. வேலையெல்லாம் பலே. குண்டூசி டப்பாவைத் திறக்கும், கதவுத் தாழ்ப்பாளை எட்டி இழுக்கும், என் அளவு நாடாவை எடுத்துப் போய்ப் பூனையை அளக்கும். பேச்சுதான் வரவில்லை.

பட்டறையை நான் ஒருமுறை போய்ப் பார்த்திருக்கிறேன். லாரிகளிலிருந்து கழற்றிய செத்த பேட்டரிகள் சுவரோரம் அடுக்கிக் கிடக்கும். அவற்றை உடைத்து, உள்ளே இருக்கும் தட்டுகளைப் பிரித்து, தேறுவதைத் தனியே வைத்து, தேறாததை உருக்கி அச்சில் ஊற்றுவார்கள். அச்சிலிருந்து வந்ததை அரம் போட்டு ராவிச் சமன் செய்வது இவர் வேலை. ராவ ராவச் சாம்பல் நிறத்தில் பொடி உதிரும். மாவு மாதிரி பறக்காது. மெதுவாக இறங்கி அப்படியே உட்கார்ந்துகொள்ளும். ஜன்னல் கம்பியில், டம்ளர் விளிம்பில், மனிதர்களின் புருவத்தில் எல்லாம் அதுதான். அவருடைய பழைய உடுப்புகளைக் கிழிசல் தைக்க நான் வாங்கும்போது, காய்ந்த துணிக்கு ஏன் இத்தனை கனம் என்று நினைப்பேன். நினைத்ததோடு சரி.

முதலில் நோயில் விழுந்தவர் அவரோடு வேலை செய்த, உருக்கி ஊற்றுகிறவர். ஒருநாள் தேநீர் டம்ளரைத் தூக்கப் போனார், மணிக்கட்டு எழும்பவில்லை. கை அப்படியே தொங்கியது. ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, பட்டறையில் இருக்கிற எல்லாரையும் வரச் சொன்னார்கள். பிறகு, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்களையும் கூட்டி வாருங்கள் என்றார்கள். கட்டெறும்பின் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார்கள். பத்து நாள் கழித்து நர்ஸம்மா ஸ்கூட்டரில் வீட்டுக்கே வந்தார். நானும் சுவருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து காதை வைத்திருப்பதைவிட நேரே போய்விடலாம் என்று போனேன்.

நர்ஸம்மா நடுவயது. குரலை உயர்த்தாமல் பேசுகிறவர். "இருபத்தி நாலு இருக்கு. அஞ்சுக்குக் கீழ இருக்கணும்" என்றார்.

"என்னது இருபத்தி நாலு?" என்றாள் பேக்கரிக்காரி.

"ஈயம். குழந்தையோட ரத்தத்துல."

"ஈயமா? பாத்திரத்துக்குப் பூசுவாங்களே, அதா?"

"அது வெள்ளீயம். இது காரீயம். இவர் பட்டறையில ராவறது."

"அவ பட்டறைப் பக்கம் தலை வெச்சுக்கூடப் படுத்ததில்லையே சிஸ்டர்."

"அவ போகலைங்க. பட்டறை அவகிட்ட வந்துட்டிருக்கு. இவர் சட்டையில, முடியில, செருப்புல." நர்ஸம்மா தரையைக் காட்டினார். "இவர் வந்ததும் ஓடிப் போய்க் காலைக் கட்டிக்குவாளா?"

பேட்டரிக்காரர் தலையை ஆட்டினார். அந்த நேரம் பார்த்துக் கட்டெறும்பு அவர் காலைத்தான் கட்டிக்கொண்டு நின்றது. அவர் குனிந்து அதைப் பார்த்தார்.

"துணி எப்படித் துவைப்பீங்க?"

"நல்லாத்தான் துவைப்பேன் சிஸ்டர்" என்றாள் பேக்கரிக்காரி. "பின்வாசல்ல நின்னு நல்லா உதறிட்டு, அப்புறம்தான் ஊற வெப்பேன். அழுக்கு போகணுமேன்னு."

"உதறும்போது இவ எங்க இருப்பா?"

அவள் அழத் தொடங்கினாள். எங்கே இருக்கும்? அம்மாவின் காலடியில் இருக்கும்.

"சரி, அழாதீங்க. மருந்து கொடுக்கற அளவுக்கு இன்னும் போகலை. உள்ள வர்ற வழியை அடைச்சுட்டா, உடம்பு மெல்ல மெல்லத் தானா வெளியேத்தும். பால், முட்டை, கீரை, பயறு, நல்லாக் குடுங்க. வயிறு காலியா இருந்தா ஈயம் சீக்கிரம் ஒட்டிக்கும். ஆனா அடைக்கணும். மூளை வளர்ற வயசு இது. விட்டா, பேச்சு, படிப்பு எல்லாத்துலயும் கை வெச்சுடும்." பிறகு சாதாரணமாகக் கேட்பது போல, "ரெண்டு வார்த்தை சேர்த்துப் பேசறாளா? அம்மா வா, பால் குடு, அந்த மாதிரி?" என்றார்.

"தனித்தனியாச் சொல்வா."

"எத்தனை வார்த்தை வருது?"

பேட்டரிக்காரர் விரலை மடக்கினார். "ம்மா. ப்பா. வா. மியா, அது பூனைக்கு. அப்புறம் துத்து."

"துத்துன்னா?"

"பால்" என்றாள் அம்மாக்காரி.

"என்னைச் சொல்றா" என்றார் அப்பாக்காரர். "நான் வந்தாத்தான் சொல்றா."

என்னிடம் துணித் துண்டுகள் வைத்து விளையாடுவதால், வெட்டுத் துணியைத்தான் அது துத்து என்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அதைச் சொன்னேன். மூன்று பேரும் அந்த வார்த்தைக்கு உரிமை கொண்டாடியதில் நர்ஸம்மாவுக்கே லேசாகச் சிரிப்பு வந்துவிட்டது. சேர்த்துப் பேச ஆரம்பித்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள் என்று மட்டும் சொன்னார்.

அவர் சொல்லச் சொல்ல, அளவுச் சீட்டின் பின்பக்கம் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து குண்டு குண்டாக, தூரத்திலிருந்தே தெரியும். பட்டறைத் துணி வீட்டுக்கு வரக் கூடாது. சட்டை, கால்சட்டை, பனியன், தொப்பி எல்லாம் அங்கேயே மூடி போட்ட டின்னில். அங்கேயே தலையோடு குளியல். செருப்பு வாசலுக்கு வெளியே. துடைப்பம் வேண்டாம், ஈரத் துணியால் தரை துடைக்கணும். துணியை உதறக் கூடாது. பேக்கரிக்காரி அந்தச் சீட்டைக் கதவின் உட்புறம் பசை தடவி ஒட்டினாள். அதற்குப் பிறகுதான் அவர் பை இல்லாத சட்டை கேட்டு என் வாசலில் வந்து நின்றது. இரண்டு செட்டும் ஒரே மத்தியானத்தில் தைத்துக் கொடுத்தேன். கிழிசல் தைக்கப் பட்டறைத் துணி வாங்குவதையும் அன்றோடு நிறுத்தி, என் அறையை மூன்று தரம் துடைத்தேன்.

அந்த மூன்று மாதம் அந்த வீட்டில் நடந்த உழைப்பை நான் பார்த்தேன். வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

பேக்கரிக்காரி துடைப்பத்தை எடுத்துக் கூரை மேல் எறிந்துவிட்டாள். காலையில் போகும் முன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை என்று மண்டி போட்டுத் தரை துடைப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் வாளி நகருகிற சத்தத்தை வைத்து நான் மணி சொல்லலாம். மெத்தை உறை, திரை, பொம்மைகள், எல்லாம் கொதிநீரில் போனது. ஒரு துணிக் கரடி அதில் கண் இழந்தது. நான் பட்டன் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். அவள் விரல்கள் சோப்பில் வெடித்துப் போய், பேக்கரியில் கையுறைக்குள் எரிகிறது என்பாள். ஆனால் ஒருநாள் கூட விடவில்லை.

அவரும் சும்மா இருக்கவில்லை. பட்டறைக்குப் பின்னால் ஒரு குழாய், நாலு தகரம். கூரை கிடையாது. குளிர் நாளில் அந்தத் தகரத்துக்குள் நின்று தலைக்கு ஊற்றிக்கொள்வார். மற்றவர்கள் விடுவார்களா?

"என்ன மாப்பிள்ளை, தினமும் சாயங்காலம் மாப்பிள்ளைக் குளியல் நடக்குது. பொண்ணு பார்க்கப் போறீங்களா?"

"ஆமா. ரெண்டரை வயசுப் பொண்ணு. தாமதமாப் போனாக் கோவிச்சுக்கும்."

இதை அவரே என்னிடம் வந்து சொல்லிச் சிரித்தார். சாயங்காலம் ஆறரைக்குத் தெருமுனையில் வருவார். தலை ஈரமாக வாரியிருக்கும். சுத்தமான சட்டை, சுத்தமான கால்சட்டை, தோளில் வெளுத்துப்போன நீலக் கட்டம் போட்ட துண்டு. வாசலில் செருப்பை விட்டு, கை கால் இன்னொரு தரம் கழுவி, அப்புறம்தான் இரண்டு கையையும் நீட்டுவார். அதுவரை கட்டெறும்பு கதவுக்குப் பின்னால் குதித்துக்கொண்டு நிற்கும். அவர் தூக்கியதும் தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். துத்து, துத்து என்று முனகும். ஐந்து நிமிடத்தில் உடம்பு தளர்ந்து கண் சொக்கிவிடும். அது சோறு சாப்பிட்டால் வாய் துடைத்துவிடுவது அவர்தான், தரையில் தூங்கிப்போனால் கொசு விரட்டுவதும் அவர்தான். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும். மிஷினை நிறுத்திவிட்டு நானே வேடிக்கை பார்த்திருக்கிறேன்.

இரண்டாம் தரம் ரத்தம் எடுத்த முடிவு வந்த அன்று, பேக்கரிக்காரி முதல் நாளே ஒரு சின்ன கேக் வாங்கி வைத்திருந்தாள். பதினைந்துக்கு இறங்கியிருக்கும் என்று அவள் கணக்கு. பதினெட்டு வந்தாலும் போதும் என்றார் அவர். ஆஸ்பத்திரியிலிருந்து சீட்டை வாங்கி வந்தவர் நேரே என்னிடம்தான் நீட்டினார். தான் படித்தது சரிதானா என்று பார்க்கச் சொன்னார். சரியாகத்தான் படித்திருந்தார். இருபத்தேழு.

அன்று சுவர் எதையும் மறைக்கவில்லை.

"உண்மையைச் சொல்லுங்க. அங்க குளிக்கறீங்களா, இல்லை தலையை மட்டும் நனைச்சுக்கிட்டு வர்றீங்களா?"

"என்னடி கேக்கற? ஜுரத்தோட குளிச்சேன், நீ பார்க்கலை?"

"அப்ப எங்கிருந்து வருது? நான் தேய்க்காத இடம் இந்த வீட்ல எது பாக்கி? சொல்லுங்க, எது பாக்கி?"

"பிள்ளை மேல சத்தியமா..."

"பிள்ளை மேல சத்தியம் பண்ணாதீங்க. அவ மேல ஏத்தினது போதும்."

அந்தப் பக்கம் வாளி நகர்ந்தது. பிறகு அவள் சாதாரணக் குரலில் சொன்னாள். "ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு நாள் பஸ் பயணம்தான். அங்க பேட்டரியும் இல்லை, ஈயமும் இல்லை."

"எப்ப வருவ?"

"அஞ்சுக்குக் கீழ வந்தா."

"அதுக்கு ரெண்டு வருஷம் ஆகும்னு நர்ஸம்மா சொன்னாங்களே."

"ஆகட்டும்."

"நானும் வர்றேன். அங்க ஏதாவது வேலை..."

"இருபது வருஷமா அரம் பிடிச்ச கை. அங்க போய் என்ன செய்வீங்க? நீங்க இங்க இருந்து அனுப்பினாத்தான் அவளுக்குப் பால், முட்டை."

அவள் கல்நெஞ்சுக்காரி இல்லை. பயந்துபோனவள். எனக்கும் பயம்தான். நான் முன்பு வாங்கித் தைத்த அந்தப் பழைய உடுப்புகளின் தூசி இன்னும் என் மேஜை இடுக்கில் இருக்கிறதோ, நாலு மணி நேரம் என் காலடியில் கிடந்த பிள்ளைக்கு நான்தான் வினை வைத்தேனோ என்று இரவெல்லாம் புரண்டேன். காலையில் மேஜையைப் புரட்டிப் போட்டுக் காலிடுக்கெல்லாம் ஊசியால் கிளறிக் கழுவினேன். யாரிடமும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் குழந்தையைத் தொடவில்லை. சாயங்காலம் வந்து வாசலிலேயே உட்கார்ந்து சாப்பிடுவார். கட்டெறும்பு ஓடி வந்தால் எழுந்து தெருவுக்கு இறங்கிவிடுவார். குழந்தைக்கு என்ன தெரியும்? அப்பா புதிதாக ஏதோ விளையாட்டு ஆடுகிறார் என்று முதல் நாள் சிரித்தது. இரண்டாம் நாள் அழுதது. மூன்றாம் நாளிலிருந்து தூங்கவில்லை. துத்து, துத்து என்று சுவர் வழியே எனக்குக் கேட்கும். அம்மாக்காரி பால் டம்ளரை நீட்டுவாள். தட்டிவிடும். துடைத்த தரையில் பால் ஓடும், அவள் மறுபடி துடைப்பாள்.

சனிக்கிழமை மத்தியானம் நர்ஸம்மா மழையில் நனைந்துகொண்டு வந்தார். இருபத்தேழு அவரையும் உறுத்தியிருக்கிறது. "நீங்க போறதுக்கு முன்னாடி ஒரு தடவை எல்லாத்தையும் நான் உக்காந்து பார்க்கணும்" என்றார். மூட்டை கட்டி மூலையில் வைத்திருந்தது. கண்ணுக்குப் பட்டன் வைத்த கரடி அதன் மேல் உட்கார்ந்திருந்தது. நானும் போனேன். என் மேஜை விஷயத்தை அவரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. சொன்னேன்.

"இல்லைம்மா" என்றார் நர்ஸம்மா. "நீங்க நிறுத்தி மூணு மாசம் ஆச்சு. அதுவா இருந்தாக் குறையணும். ஏறியிருக்கு. தினமும் புதுசா எதுவோ வருது."

அவர் சீட்டைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டார். சட்டை? டின்னில். கால்சட்டை? டின்னில். செருப்பு? வெளியே. சாப்பாட்டு டப்பா? அவள் தனியாகக் கழுவுகிறாள். குடிதண்ணீர்? அதையும் எடுத்துப் போய்ப் பார்த்தாகிவிட்டது, அதில் ஒன்றுமில்லை. சுவர்ப் பெயின்ட்? சுண்ணாம்புதான். குழந்தை எதை வாயில் வைக்கும்?

"ஒண்ணும் வைக்க விடமாட்டேன் சிஸ்டர். விரலைக்கூட எடுத்துவிட்டுடுவேன்."

அப்போது பேட்டரிக்காரர் வந்தார். சனிக்கிழமை அரை நாள் வேலை. மழைக்குத் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓடி வந்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றி, துண்டை எடுத்து ஒரு முறுக்கு முறுக்கிப் பிழிந்து தோளில் போட்டுக்கொண்டு, நர்ஸம்மாவைப் பார்த்ததும் படியிலேயே நின்றார்.

கட்டெறும்பு என் மடியிலிருந்து நழுவி இறங்கி ஓடியது. அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டார். "வேண்டாம் கண்ணு. அப்பாவைத் தொடாத. போ, அம்மாகிட்டப் போ."

"துத்து" என்றது குழந்தை.

"பால் வேணுமாம், எடுத்துக் குடு" என்றார் மனைவியிடம்.

குழந்தை அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. நுனிக்காலில் எம்பியது. தோளிலிருந்து முன்னால் தொங்கிய துண்டின் முனையைப் பிடித்து இழுத்தது. துண்டு சரிந்து கையோடு வந்தது. ஈரமான அந்த முனையைச் சுருட்டி வாயில் வைத்துச் சப்பியது. நாலைந்து நாளாக அழுத பிள்ளை, வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது.

நர்ஸம்மா பேனாவைக் கீழே வைத்தார்.

"தினமும் இப்படிச் செய்வாளா?"

"தூங்கறப்ப" என்றார் அவர். "தோள்ல போட்டா அதைப் பிடிச்சுக்குவா. அது ஒரு பழக்கம் அவளுக்கு."

"அந்தத் துண்டைப் பட்டறைக்கு எடுத்துட்டுப் போவீங்களா?"

"துண்டில்லாம எப்படி? வேர்வை துடைக்க, ராவறப்ப மூக்குல கட்டிக்க, குளிச்சாத் தலை துவட்ட..." என்று அடுக்கிக்கொண்டே போனவர் நிறுத்தினார்.

"துணியெல்லாம் அங்கேயே வெச்சுட்டு வர்றேன்னு சொன்னீங்களே?"

"துணியெல்லாம் வெச்சுட்டுத்தான் வர்றேன் சிஸ்டர்." அவர் கதவில் ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்தார். "துணிதானே சொன்னீங்க? இது துண்டு."

யாரும் சிரிக்கவில்லை. நான் அந்தச் சீட்டைப் பார்த்தேன். சட்டை, கால்சட்டை, பனியன், தொப்பி. என் குண்டு எழுத்து. துணியோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவள் நான். துண்டு என்று ஒரு வார்த்தை எழுதத் தோன்றவில்லை. துண்டுக்குத் தையல் கிடையாது. தையல் இல்லாததை நான் துணியாக எண்ணியதே இல்லை. அவருக்கோ அது கையைப் போல, காலைப் போல. கையைக் கழற்றி டின்னில் போட்டுவிட்டு வர யாருக்காவது தோன்றுமா?

"யார் துவைப்பா இதை?"

"நானேதான். தினமும் பட்டறைக் குழாய்ல அலசிக்குவேன். சுத்தமாத்தான் இருக்கும்."

நர்ஸம்மா குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கித் துண்டை எடுத்தார். கட்டெறும்பு வீறிட்டது. வெள்ளை பேசினில் தண்ணீர் வைத்துத் துண்டை முக்கி இரண்டு தரம் கசக்கினார். தண்ணீர் கலங்கியது. அதை அசைக்காமல் வைத்துவிட்டு எல்லாரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். சிறிது நேரத்தில் மேலே தெளிந்து, அடியில் சாம்பல் நிறத்தில் மெல்லிய படிவு உட்கார்ந்தது. பட்டறை ஜன்னல் கம்பியில் நான் பார்த்த அதே பொடி.

பேட்டரிக்காரர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். "நானே ஊட்டியிருக்கேன்" என்றார். "குளிர்ல நடுங்கிக் குளிச்சுட்டு வந்து, என் கையாலேயே ஊட்டியிருக்கேன்."

"தப்பு என் பேர்ல" என்றார் நர்ஸம்மா. "நான் துண்டுன்னு வாயைத் திறந்து சொல்லலை. அடுத்த வீட்ல முதல்ல அதைத்தான் சொல்வேன்."

எழுதினவள் நான் என்று நானும் சொன்னேன். பேக்கரிக்காரி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். கத்தப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் கத்தவில்லை. "கண்ணு முன்னாடி தோள்லயேதான் கிடந்துச்சு" என்றாள். "நான் தரையையே பார்த்துக்கிட்டிருந்திருக்கேன்." பிறகு மூலைக்குப் போய் மூட்டையின் முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தாள். அது இறுகிப்போயிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள்.

துண்டை நர்ஸம்மா பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொண்டுபோனார். குழந்தையைத் தூக்கலாம், குளித்துவிட்டுத் தாராளமாகத் தூக்கலாம், ஆனால் இனி பட்டறையிலிருந்து நூல்கூட வரக் கூடாது என்று சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுக்கும்வரை எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் மூன்று புதுத் துண்டுகள் வாங்கி வந்தார். இரண்டு பட்டறைக்கு, ஒன்று வீட்டுக்கு. மறந்தும் மாறிவிடக் கூடாது என்று பட்டறைத் துண்டுகளின் ஓரத்தில் சிவப்பு நூலால் தடிமனாக நான் தைத்துக் கொடுத்தேன். துண்டுக்கு நான் போட்ட முதல் தையல் அதுதான். சீட்டையும் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். முதல் வரியே துண்டு.

திங்கட்கிழமை சாயங்காலம் அவர் தெருமுனையில் வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. தோள் மொட்டையாக இருந்தது. ஒரு பக்கம் சாய்ந்து நடக்கிற மாதிரி இருந்தது. அந்தக் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே வந்தார். கை கால் கழுவி, வீட்டுத் துண்டில் துடைத்து, அதையே தோளில் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கினார். நான் என் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வாரம் கழித்துத் தூக்குகிறார்; நேற்றுகூடத் தொடப் பயந்தார். இறுக்கிக்கொள்ளவும் பயம், விடவும் மனமில்லை.

கட்டெறும்பு வழக்கம்போல் தோளில் முகத்தைப் புதைத்தது. உடனே நிமிர்ந்தது. துண்டை மோந்து பார்த்தது. புதுத்துணி கஞ்சி வாசனை அடித்திருக்கும். முனையை எடுத்து வாயில் வைத்துவிட்டுத் துப்பியது. இழுத்துக் கீழே எறிந்தது. அப்பாவின் மொட்டைத் தோளை உள்ளங்கையால் இரண்டு தரம் தட்டித் தேடியது. உதடு பிதுங்கியது.

"துத்து இல்ல" என்றது.

உள்ளே பாத்திரம் விழுந்தது. பேக்கரிக்காரி கையில் முட்டைக் கரண்டியோடு ஓடி வந்தாள். "என்ன சொன்னா? இப்ப என்ன சொன்னா?"

அவர் கையைத் தூக்கினார். இரண்டு விரலைக் காட்டினார்.

"சொல்லு கண்ணு. இன்னொரு தரம் சொல்லு."

"துத்து இல்ல" என்று இந்த முறை ஓங்கிச் சொல்லிவிட்டு, எங்கள் மூன்று பேர் மீதும் கோபமாக, கட்டெறும்பு அழ ஆரம்பித்தது. பேக்கரிக்காரி சிரித்தாள், சிரித்துக்கொண்டே கரண்டியைப் பிடித்த கையால் முகத்தை மூடிக்கொண்டாள். நர்ஸம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும் என்று நான் சொன்னேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை.

"ஆமாண்டா" என்றார் அவர். "துத்து இல்ல. இனிமே துத்து இல்ல."

கண்ணைத் துடைக்கத் தோளுக்குப் போன அவர் கை, அங்கே ஒன்றும் இல்லாமல் திரும்பி வந்தது.